பந்தய வரியில் நிறையும் கருவூலம்

ஆசிரியருக்கு வணக்கம்.

விளையாட்டுப் பந்தயத்தைச் சட்டபூர்வமாக்கி வரி விதித்தால் மாநிலத்தின் நிதிச்சுமை குறையும் என்று சிலர் வாதிடுகின்றனர். 2018-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழிதிறந்த பின்னர், நியூயார்க் மாநிலம் கைப்பேசிப் பந்தய நிறுவனங்களின் வருவாயில் 51 சதவீதமும், அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே பந்தயத்தை அனுமதித்துவரும் நெவாடா அதிகபட்சம் 6.75 சதவீதமும் வரியாகப் பெறுவது உண்மைதான். ஆனால் அந்த வருவாய் என்பதே பந்தயம் கட்டியவர்கள் தோற்ற பணம் என்பதால், கருவூலம் நிறைய வேண்டுமானால் மக்கள் மேலும் தோற்றாக வேண்டும் என்பதை இவர்கள் சொல்வதில்லை.

எங்கள் பகுதியில், சம்பா நெல்லுக்கான கொள்முதல் பணம் வங்கிக் கணக்கில் ஏறிய வாரமே ஐபிஎல் பந்தயத்தில் கரைந்து, நகைக்கடன் வட்டி கட்ட வழியின்றி நிற்கும் குடும்பங்கள் உண்டு. 2003-இல் லாட்டரியைத் தடைசெய்த மாநிலம் இது (அதனால் கஜானா கவிழ்ந்துவிடவில்லை). 2022-ஆம் ஆண்டின் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தைக் கிராமம்வரை நடைமுறைப்படுத்த, மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையங்களுக்குக் கூடுதல் ஆட்களை அரசு உடனே தர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மன்னார்குடி