பழைய கார் பீடிங்கில் ஸ்குரூ ஏற்ற வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முகூர்த்த மாதங்கள் நெருங்கினால் மதுரைப் பட்டறைகளுக்குப் பழைய அம்பாசடரும் பத்மினியும் பெயின்ட்டுக்கு வரும். பெயின்ட் வேலையில் குறை சொல்ல முடியாது. கடைசியில் பக்கவாட்டு பீடிங்கை, அதாவது கதவுகளின் மேல் அழகுக்காக நீளவாக்கில் ஓடும் உலோகப் பட்டையை, திரும்ப மாட்டும்போதுதான் வண்டி கெடுகிறது. கழற்றும்போது அதைத் தகட்டில் பிடித்து நிறுத்தும் கிளிப் உடைந்துபோயிருக்கும். வேறு தேட நேரமில்லை என்று பீடிங்கின் மேலேயே டிரில் போட்டு ஸ்குரூவை ஏற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து இதை நிறுத்துங்கள்.

டிரில் போட்ட துளையின் விளிம்பில் பெயின்ட் இருக்காது. உதிரும் இரும்புத்தூள் கதவுக்குள் விழுந்து, அடியில் தண்ணீர் வடியும் ஓட்டையில் மண்ணோடு சேர்ந்து அடைத்துக்கொள்ளும். தேங்கிய தண்ணீர் கதவின் அடி மடிப்பைத் தின்னும். ஸ்குரூ நீளமாக இருந்தால் கண்ணாடியை இறக்கும்போதெல்லாம் அதன் முனை உரசி நெட்டாகக் கோடு விழும். அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. துருப்பிடிக்காத கதவுக்கு எங்கே போவது?

கடையில் வண்டிப் பெயரைச் சொல்லி கிளிப் கேட்டால் பெரும்பாலும் இல்லை என்பார்கள். பீடிங்கின் உள்வாய் அகலத்தையும் தகட்டுத் துளையின் விட்டத்தையும் வெர்னியர் அளவுகோலில் அளந்துகொண்டு, பீடிங்கையே கையோடு எடுத்துப்போய்ப் பொருத்திப் பார்த்து வாங்க வேண்டும். பழைய துளையைத் துரு போகத் தேய்த்து, விளிம்புக்கு பிரைமரும் டச்சப்பும் கொடுத்து ஒரு நாள் காயவிடுங்கள். துளை அரித்துப் பெரிதாகியிருந்தால் வெல்டு வைத்து அடைத்து, சரியான அளவில் புதிதாகப் போடுவதே முறை. கிளிப்பின் அடியில் தண்ணீர் இறங்காமல் சிலிக்கான் வைப்பார்கள். வினிகர் நெடி அடிக்கும் சிலிக்கான் தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும், நெடியில்லாத நியூட்ரல் வகைதான் வேண்டும்.

மாட்டும் முன் மட்கார்டிலிருந்து பின் கதவுவரை மாஸ்கிங் டேப்பை நேர்கோடாக ஒட்டி, நாலடி தள்ளி நின்று பாருங்கள். கதவு ஓரத்தில் 3 மி.மீ. இடைவெளி விடுவது அவசியம். கதவைத் திறக்கையில் அதன் முன் ஓரம் உள்ளே திரும்பும். பீடிங் நீண்டிருந்தால் பக்கத்துப் பெயின்ட்டைப் பெயர்த்துவிடும்.

துளையே இல்லாத இடத்துக்கு இரட்டைப் பக்க அக்ரிலிக் ஃபோம் டேப் போதும். ஆனால் வளைந்து முறுக்கி நிற்கும் பீடிங்கை டேப் மட்டும் பிடித்து நிறுத்தாது. மதுரை வெயிலில் மதியத் தகடு கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அதிகாலையில், நிழலில், ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும். புதுப் பெயின்ட் முழுதாக ஆறாமல் ஒட்டினால் பெயின்ட்டோடு உரிந்துவரும். ஒட்டியபின் 3 நாள் வாட்டர் வாஷ் கூடாது.

ஒரு மீட்டர் அலுமினிய பீடிங்கின் சூடு 40 டிகிரி செல்சியஸ் கூடினால் அது ஏறக்குறைய 0.9 மி.மீ. நீளும், தகடு அதில் பாதிதான் நீளும். கிளிப்பில் பீடிங் நகர இடமுண்டு. இரு முனையிலும் ஸ்குரூ போட்டு இறுக்கினால் நடுவில் உப்பிக்கொள்ளும், அந்த மடிப்பை எந்த டிங்கராலும் முழுதாக எடுக்க முடியாது.

மோனோகிராம் (வண்டியின் பெயர், சின்னம் உள்ள பட்டை) மாட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அதன் பின்புறக் கம்பி துத்தநாகக் கலவை வார்ப்பு, ஸ்பானரில் இறுக்கினால் முறியும். நட்டைக் கை இறுக்கத்தோடு விட்டுவிடுங்கள்.

– ஒரு வாசகர்,
பழங்காநத்தம், மதுரை