மாசி மாதம் வாருங்கள், மதியத்துக்கு மேல் வாருங்கள்: வெறிநாய்த் தடுப்பூசி முகாம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

குமரி மாவட்டத்து மலையோர ஊராட்சிகளில் கால்நடை மருத்துவம், வனம், ஊராட்சி நிர்வாகம் ஆகிய பொறுப்புகளை வகிக்கும் ஐயா, அம்மா அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டும் மறக்காமல் நோட்டீஸ் ஒட்டினீர்கள், நன்றி. செப்டம்பர் 28, உலக வெறிநோய் (ரேபிஸ்) தினம், காலை 10 முதல் 1 மணி வரை இலவசத் தடுப்பூசி. நாயைச் சங்கிலியில் கட்டி, வாய்மூடி போட்டு, உரிமையாளரே அழைத்து வர வேண்டும். மூன்று மாதம் ஆகாத குட்டிகளைக் கொண்டுவர வேண்டாம். பூனையைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. வந்து சேர்ந்தவை பெரும்பாலும் ரோட்டோர மாடி வீடுகளின் லாப்ரடாரும் பொமரேனியனும்தான். தனியார் டாக்டரிடம் வருஷா வருஷம் ஊசி போட்டுக்கொள்கிற நாய்கள் அவை.

முகாம் முடிந்த கொஞ்ச நாளில், பட்டப்பகலில் ஒரு கீரி வீட்டு முற்றத்துக்கு ஏறி வந்து, கட்டிக்கிடந்த ஆட்டைக் கடித்தது. குறுக்கே விழுந்த நாயையும் கடித்தது. மனுஷரைக் கண்டால் ஒரே ஓட்டமாக ஓடுகிற கீரி, விரட்டியும் போகாமல் நின்றது. அது வெறிநோயின் அறிகுறி என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. அந்த நாய் ஒருநாளும் ஊசி கண்டதில்லை. ஏன் முகாமுக்குக் கொண்டு போகவில்லை என்று அந்த வீட்டாரிடம் கேட்டார்கள். அவர்களிடம் கேட்ட அந்தக் கேள்விக்குத்தான் இந்த மடல் பதில்.

ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி வீட்டில் காலை 10 மணி எப்படி இருக்கும்? விடியும் முன்னே, தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் விளைக்கு, அதாவது தோட்டத்துக்குப் போனால்தான் வெட்டு. குளிர்ந்த நேரத்தில் மரத்துக்குள் அழுத்தம் கூடுதலாக இருக்கும், பால் நீண்ட நேரம் ஒழுகும். வெயில் ஏறினால் ஒழுக்கு நின்றுவிடும். அதன்பிறகு மரம் மரமாகப் போய்ச் சிரட்டைப் பாலை வாளியில் சேர்க்க வேண்டும். வடிகட்ட வேண்டும், தண்ணீர் கலக்க வேண்டும், ஃபார்மிக் ஆசிட் விட்டு டிஷ்ஷில் உறைய வைக்க வேண்டும், பிறகு மெஷினில் கொடுத்து ஷீட் அடிக்க வேண்டும். நடுவில் விட்டுவிட்டு முகாமுக்கு ஓடினால் பால் சிரட்டையிலேயே உறைந்து ஒட்டுப்பாலாகும், அதற்கு ஷீட்டின் விலை கிடைக்காது. ஆக, உங்கள் இலவச ஊசிக்கு எங்கள் பக்கம் விலை ஒரு நாள் கூலி.

அடுத்தது நாய். நகரத்துச் செய்திகளில் இரண்டே வகை நாய் உண்டு: வீட்டு நாய், தெருநாய். விளைக்காட்டு நாய் இரண்டிலும் சேராது. அதற்கு உடையவர் உண்டு, பெயர் உண்டு, மத்தியானம் மீன்தலையும் மரச்சீனிக்கிழங்கும் (மரவள்ளி) உண்டு. சங்கிலி மட்டும் கிடையாது. பிறந்தது முதல் கழுத்தில் ஒரு நூல்கூட ஏறாத நாயின் கழுத்தில் கயிற்றை மாட்டினால் முதலில் படுத்துக்கொள்ளும், பிறகு உருண்டு புரளும், இழுத்தால் கயிறு பிடித்த கையைத்தான் கடிக்கும். ஆட்டோக்காரர் ஏற்றமாட்டார், பஸ்ஸில் இடமில்லை. நடத்திக் கூட்டிப்போனால் வழியில் ஒவ்வொரு வளைவிலும் வேறு நாய்களின் எல்லை, ஒவ்வொரு எல்லையிலும் ஒரு சண்டை. மிஞ்சி முகாமுக்குப் போய்ச் சேர்ந்தாலும், அறிமுகமில்லாத நாய்களை வரிசையில் நிறுத்தினால் அங்கே என்ன நடக்கும் என்பதை ஊசி போட்டவர்களே சொல்வார்கள். சோபாவில் உறங்கும் நாய்க்கு ஊசி கிடைத்துவிடுகிறது. ராத்திரி நரியோடு முட்டுகிற நாய்க்குத்தான் கிடைப்பதில்லை.

நரி, கீரி, மரநாய், குரங்கு எல்லாம் எங்கள் முற்றத்துக்கு வரத்தான் செய்யும். விளையில் விழுந்து கிடக்கும் அயனிச்சக்கைக்கு (காட்டுப் பலாவுக்கு) மரநாய் வரும், கோழிக்குஞ்சுக்குக் கீரி வரும், கிழங்குக்குக் காட்டுப்பன்றி வரும். அவற்றை விரட்டித் தாருங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. கீரி நடமாடும் முற்றத்தில் பாம்புப் பயம் குறைவு, அந்தக் கணக்கு எங்களுக்குத் தெரியும். அவற்றுக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் நடுவே நிற்பது நாய் ஒன்றுதான். அந்த ஒன்றுக்கு ஊசி போடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

வனத்துறையாருக்கும் இதில் பங்கு உண்டு. நரி நாய்க்கு நோயைக் கொடுப்பது மட்டுமல்ல, நாயும் நரிக்குக் கொடுக்கும். 2018-இல் கிர் காட்டில் சிங்கங்கள் செத்தபோது அவற்றில் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ் இருந்தது நினைவிருக்கும். காட்டோரத்து நாய்க்குப் போடும் ஊசி காட்டுக்குள் இருக்கும் உயிருக்கும் சேர்த்துத்தான். அதனால் ஜீப்பும் ஆளும் தருவதில் தயக்கம் வேண்டாம்.

கடிபட்டபின் ஆகும் பாட்டைக் கொஞ்சம் பார்ப்போம். கடித்தது நாயோ பூனையோ என்றால் ஊசியைத் தொடங்கிவிட்டு, பத்து நாள் அதைக் கண்காணித்துப் பார்க்கலாம். கீரி, நரி, குரங்கு என்றால் அந்தக் கண்காணிப்புக்கே வழியில்லை. காட்டு விலங்குக் கடி எதுவானாலும் மூன்றாம் வகை, அதாவது மிகக் கடுமையான வகை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது நாட்டின் சிகிச்சை விதி. கடிவாயை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள்பொடியும் காப்பிப்பொடியும் அப்பக் கூடாது. காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புமருந்தைப் போட வேண்டும், அதற்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். தோலில் போடும் தடுப்பூசி என்றால் முதல் நாள், அப்புறம் 3, 7, 28 ஆகிய நாள்கள். நாலு பயணம், நாலு நாள் கூலி, கூடப் போகிறவருக்கும் நாலு நாள் கூலி. நாய்க்கு முன்கூட்டியே போட்டால் ஆகும் மருந்து வருஷத்துக்கு ஒரு மில்லி.

இன்னொன்றும் உண்டு. இதை நோட்டீஸில் பெரிய எழுத்தில் போட்டால் புண்ணியமாகும். வெறிநோய் வந்த மாடும் ஆடும் எப்போதும் பாய்ந்து கடிக்கும் என்றில்லை. வாயில் எச்சில் ஒழுகும், தீனி இறங்காது, அடித்தொண்டையில் கத்தும். தொண்டையில் சக்கைக்கொட்டையோ (பலாக்கொட்டையோ) கிழங்கோ சிக்கிவிட்டது என்று நினைத்து வீட்டார் வாய்க்குள் கையை விட்டுத் துழாவுவார்கள். பால் கறக்கும் வீடுகளில் இது சாதாரணமாக நடப்பது. கையில் பால்வெட்டுக் கத்தி கீறிய காயமும் இருந்தால் எச்சிலில் உள்ள கிருமி அதன் வழியே ஏறும், அதற்குமேல் நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. மேலே சொன்ன அந்த ஆட்டுக்கும் கடித்த உடனே தொடர் ஊசி தொடங்கியிருக்க வேண்டும். ஆட்டுக்கும் அப்படி ஊசி உண்டு என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.

இனி, எங்கள் கோரிக்கை. முகாமை மாசி மாதம் வையுங்கள், மதியத்துக்கு மேல் வையுங்கள், வீட்டுப் படிக்கு வந்து போடுங்கள்.

ஏன் மாசி? தை, மாசியில் ரப்பர் இலை உதிர்ந்து தளிர் விடும்போது பெரும்பாலான விளைகளில் வெட்டு நிறுத்தம். ஆள் வீட்டில் இருப்பார். மழையும் இருக்காது, விளைக்குள் போகும் மண்பாதையில் டூவீலர் ஏறும். செப்டம்பர் 28-ஐ நாங்கள் குறை சொல்லவில்லை, அது உலகத்துக்கான நாள். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி வைத்துக்கொள்ளலாம்.

ஒரு வார்டுக்கு ஊசி போட இருவர், பெயர் எழுத ஒருவர், அந்த வார்டு நாய்களுக்குப் பழக்கமான உள்ளூர்க்காரர் ஒருவர் போதும். நாலாவது ஆள் இல்லையென்றால் மற்ற மூவரும் நாள் முழுக்க நாய் பின்னால் ஓட வேண்டியதுதான். முந்தின நாள் மாலை கோவில், சர்ச் மைக்கில் சொல்லிவிட்டால், நாயை அடுக்களைத் திண்ணையிலோ விறகுப்புரையிலோ அடைத்து வைப்பார்கள். வாய்மூடி யாரிடமும் இருக்காது. பழைய வேட்டியில் கிழித்த நாடா போதும்: மூக்குக்கு மேலே ஒரு சுருக்கு, தாடைக்குக் கீழே குறுக்காக ஒரு சுற்று, காதுக்குப் பின்னால் முடிச்சு. ஊசி போட்டதும் உடனே அவிழ்க்க வேண்டும், ஏனென்றால் நாய் வாய் திறந்து மூச்சுவாங்கித்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும். தோள்பட்டைக்கு மேலே தளர்ந்த தோலைத் தூக்கிப் போட்டுவிடலாம். பிடிகொடுக்காத நாய்க்கு வலை தேவை, அது உங்களிடம்தான் இருக்கும். பூனையைத் தலையணை உறைக்குள் விட்டுத் துணியோடு சேர்த்துப் பிடித்தால் இரண்டு பேருக்கும் காயமில்லை. ஊசி போட்ட நாயின் முதுகில் சாயம் தடவினால், அடுத்த வீட்டில் அதே நாய்க்கு இன்னொரு பெயரில் மறுபடியும் ஊசி விழாது. எங்கள் ஊரில் ஒரே நாய்க்கு மூன்று வீட்டில் மூன்று பெயர் உண்டு.

குட்டிகளைத் திருப்பி அனுப்பாதீர்கள். ஊர் முழுக்கப் போடும் தடுப்பூசி முகாமில் மூன்று மாதம் ஆகாத குட்டிக்கும் சேர்த்துப் போட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்வது. பிள்ளைகள் மடியில் வைத்துக் கொஞ்சுவது குட்டியைத்தான்.

மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் உறைந்துபோனாலும் கெட்டுவிடும் என்பது பெட்டி சுமக்கும் ஆளுக்கும் தெரிய வேண்டும். ஐஸ் கட்டியோடு ஒட்டி வைத்த குப்பி நடுவழியில் உறைந்தால், அன்றைக்குப் போட்ட ஊசிகளை நம்ப முடியாது, ரெஜிஸ்டரில் மட்டும் எல்லாம் சரியாக இருக்கும். ஐஸ் பேக்குக்கும் குப்பிக்கும் நடுவே ஒரு அட்டையோ துணியோ வேண்டும். பேச்சிப்பாறை அணைக்கு அக்கரையில் உள்ள காணிப் பழங்குடியினர் குடியிருப்புகளுக்குப் படகில் போகும்போது இது இன்னும் முக்கியம். அவர்களை விட்டுவிடாதீர்கள். காட்டுக்கு மிக நெருக்கமான நாய்கள் அங்கேதான் இருக்கின்றன.

2030-க்குள் நாய்வழி வெறிநோயை ஒழிப்போம் என்று மத்திய அரசு 2021-இல் செயல்திட்டம் வெளியிட்டது. ஒரு பகுதியிலுள்ள நாய்களில் 70 சதவீதத்துக்கு, தொடர்ந்து மூன்று ஆண்டு ஊசி போட வேண்டும் என்பது அதன் கணக்கு. ஒருமுறை போட்டுவிட்டு இருந்துவிட முடியாது, ஏனென்றால் விளை நாய்க்கு ஆயுள் குறைவு. வண்டி அடித்துச் சாகும், பன்றி கிழித்துச் சாகும், பன்றிக்கு வைத்த வெடியான அவுட்டுக்காயைக் கடித்துச் சாகும். போன இடத்துக்கு ஊசி காணாத குட்டி வரும். காலை 10 மணிக்குச் சங்கிலியோடு வந்த நாய்களை மட்டும் எண்ணினால் இந்த 70 எந்த ஊரிலும் வராது. வந்ததாக அறிக்கை வேண்டுமானால் வரும்.

அறிக்கை என்றதும் ஞாபகம் வருகிறது. கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை வழியாக ராத்திரி வருகிற கழிவு லாரிகளும் எங்கள் பக்கத்துக்குத்தான் வருகின்றன. கோழிக்கழிவும், சில நேரம் ஆஸ்பத்திரிக் கழிவும் ரோட்டோர ஓடையில் கொட்டிக் கிடக்கும். மறுநாள் அதே இடத்தில் நரியும் நாயும் ஒன்றாகத் தின்னும். இரண்டும் கடித்துக்கொள்ள இதைவிடத் தோதான ஏற்பாட்டை யாராலும் செய்ய முடியாது. அந்த லாரிகளுக்கு எந்த ஒற்றையடிப் பாதையும் தெரிகிறது. சங்கிலி, வாய்மூடி, உரிமையாளர் நேரில் வர வேண்டும் என்ற நிபந்தனைகள் எதுவும் அவற்றுக்குக் கிடையாது. தடுப்பூசி வண்டிக்குத்தான் எங்கள் ஊர் வழி தெரியவில்லை. ஒருவேளை அந்த லாரி டிரைவர்களிடமே வழி கேட்டுக்கொள்ளலாம்.

மன்னிக்க வேண்டும், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. கழிவுக்குத் தனியாக மனு கொடுப்போம். இந்த மடலில் கேட்பது தடுப்பூசி ஒன்றுதான். வருகிற மாசியில், மதியத்துக்கு மேல், வீட்டுப் படிக்கு வந்து, குட்டியும் பூனையும் உட்பட ஊசி போட்டுத் தரும்படி பணிவோடு வேண்டுகிறோம். கூடவே, செத்துக் கிடக்கும் கீரியையோ நரியையோ பற்றி யாரிடம் சொல்ல வேண்டும், பரிசோதனைக்கு யார் எடுத்துச் செல்வார்கள் என்பதற்கு ஒரே ஒரு போன் நம்பர் தாருங்கள். இப்போது வெறுங்கையால் தூக்கிக் குழியில் போட்டு மூடுகிறார்கள். எதனால் செத்தது என்று எவருக்கும் தெரிவதில்லை, உங்கள் கணக்கிலும் ஏறுவதில்லை.

பழக்கமான ஆளையும் வேட்டி நாடாவையும் நாங்கள் தருகிறோம். மருந்து, வலை, வண்டி உங்கள் பொறுப்பு. வார்டு வாரியாகத் தேதி போட்டு, தை பிறந்ததும் ரேஷன் கடைச் சுவரில் ஒட்டிவிட்டால் மற்ற ஏற்பாடுகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மலையோர விளைகளில் நாய், பூனை, ஆடு, கோழியோடு குடியிருப்போர்