பாப்பாவுக்கு, பட்டர்வொர்த்திலிருந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் இவ்வளவு நீளமாக அனுப்பினால் நீ பாதியில் விட்டுவிடுவாய் என்று அம்மா சொன்னாள். அதனால் தாளில் எழுதி, சனிக்கிழமை அண்ணன் கோலாலம்பூருக்கு வரும்போது கொடுத்தனுப்புகிறேன். முறுக்கு டின்னோடு வரும். டின்னைத் திருப்பிக் கொடுத்துவிடு, அது பாட்டி டின் என்று உனக்குத் தெரியும்.

நீ ஆடுகிற அந்தப் பாடெல் ஆட்டத்தை, கண்ணாடிச் சுவருக்குள் நாலு பேர் ராக்கெட் வைத்து ஆடுவதை, அப்பா இப்போது விடாமல் பார்க்கிறேன். தீபாவளிக்கு முன்னால் நீ அனுப்பிய வீடியோவில்தான் ஆரம்பித்தது. பின்கண்ணாடியில் பட்டு வந்த பந்தை நீ திரும்பி எடுத்து உயரத் தூக்கிவிட்டாய். மாப்பிள்ளை "விடு விடு, என்னோடது" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். நீ சிரித்த சத்தமும் அதில் கேட்டது. அம்மா அதை எத்தனை பேருக்கு அனுப்பினாள் என்று கணக்கே இல்லை. ஒன்றுமட்டும் அப்போதே கவனித்தேன். ராக்கெட்டின் கயிறு உன் மணிக்கட்டில் இல்லை, தொங்கிக்கொண்டிருந்தது. கயிறு மாட்டித்தான் ஆட வேண்டும் என்று விதியே இருக்கிறது. தவறி விட்டால் பக்கத்தில் நிற்பவர் முகத்தில் போய்ப் படும். தயவுசெய்து மாட்டிக்கொள்.

அதற்குப் பிறகு வீடியோ எதுவும் வரவில்லை. வேலை அதிகம்போல.

இந்த ஆட்டம் என்னவென்று தெரிந்துகொள்ளலாம் என்று யூடியூபில் தேடினேன். 1969-இல் மெக்சிகோவின் அகாபுல்கோ நகரில் என்ரிகே கோர்குவேரா என்பவர் தன் வீட்டில் சுவர் எழுப்பி ஆரம்பித்த ஆட்டமாம். அங்கிருந்து ஸ்பெயினுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போய்ப் பரவியிருக்கிறது. இன்றைக்கும் முன்னணி ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் அந்த இரண்டு நாட்டுக்காரர்கள்தான். 2022-இல் தொடங்கிய பிரீமியர் பாடெல் என்ற தொடரைத்தான் அப்பா பார்க்கிறேன். அதில் தோஹா, ரோம், பாரிஸ், அகாபுல்கோ ஆகிய நான்கு ஊர்களில் நடப்பவை பெரிய போட்டிகள். பாரிஸில் டென்னிஸ் நடக்கிற ரோலண்ட் கரோஸிலேயே நடக்கிறது. முதல் சுற்றுகள் யூடியூபில் கிடைக்கின்றன, கடைசிச் சுற்றுகளை ரெட் புல் டிவியில் பார்க்கிறேன். ஐரோப்பாவில் ஞாயிறு மாலை இறுதியாட்டம் என்றால் நமக்கு நடுராத்திரி நெருங்கிவிடும். அம்மா கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிவிடுவாள். அப்பா சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்ப்பேன்.

முதல் சில ஆட்டங்களில் எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. பூப்பந்து, அதாவது பேட்மிண்டன், ஆடிய ஆளுக்கு, பந்து ஒருவரைத் தாண்டிவிட்டால் புள்ளி போயிற்று. என் கண் அப்படித்தான் பழகியிருக்கிறது. இதில் பந்து தலைக்கு மேல் போகிறது, ஆள் பதறாமல் திரும்பி நிற்கிறார், அது தரையில் ஒரு தடவை குத்திக் கண்ணாடியில் பட்டுத் திரும்பி வருகிறது, பிறகு நிதானமாக எடுத்து அடிக்கிறார். போய்விட்டது என்று நான் சோபாவில் சாய்ந்த பிறகும் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும். இது பழக எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. பழகின பிறகு விட முடியவில்லை.

நீ ஆடுகிறவள், உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன் என்று நினைக்காதே. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரிவதை எழுதுகிறேன். பூப்பந்துக் கோர்ட் 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம். இது 20க்கு 10. இவ்வளவு பெரிய இடம் இருந்தும் பலமாக அடிப்பவர் ஜெயிப்பதில்லை. பலமாக அடித்தால் கண்ணாடி அதே பலத்தோடு பந்தை எதிராளிக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. வலைக்குப் பக்கத்தில் நிற்கிற ஜோடிக்குத்தான் புள்ளி கிடைக்கும். பின்னால் மாட்டிக்கொண்டவர்கள் அவர்களைப் பின்னுக்குத் தள்ள முக்கியமான வழி, பந்தை உயரத் தூக்கிப் போட்டு நேரம் வாங்குவது. நீ அந்த வீடியோவில் செய்ததும் அதுதான். ரொம்ப அழகாகச் செய்தாய். சின்ன வயதில் சுப்பிரமணியம் சாரிடம் பூப்பந்தை விடாமல் பழகியிருந்தால் மாநில அளவுக்குப் போயிருப்பாய் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். நீதான் படிப்பு படிப்பு என்று விட்டுவிட்டாய்.

மேலே வந்த பந்தை முன்னால் நிற்பவர் எப்படிச் சமாளிக்கிறார் என்பதையும் பார். புள்ளி எடுக்க அடிப்பதில்லை. பின்னால் ஓடிப்போய் நிற்கவும் மாட்டார். பந்தேஹா என்கிறார்கள், பந்தை வெட்டி ஆழமாக அனுப்பிவிட்டு மறுபடி வலைக்கே வந்துவிடுகிறார். வந்த இடத்தை விட்டுக்கொடுக்காமல் இருப்பதற்காக மட்டும் ஒரு அடி. டயர் கடை அங்கிளோடு இரட்டையர் ஆடின காலத்தில் இப்படி ஒரு அடி எங்களிடம் இருந்ததே இல்லை.

பந்து பக்கச் சுவரைத் தாண்டி வெளியே பறந்துவிட்டாலும், இரண்டாவது தடவை தரையில் குத்துவதற்குள் வெளியே ஓடிப்போய் எடுக்கலாம். அதை முதல் தடவை பார்த்தபோது எழுந்தே நின்றுவிட்டேன். பக்கவாட்டு வாசல் வழியாக ஓடுகிறார், விளம்பரப் பலகைக்குப் பக்கத்திலிருந்து பந்தை உள்ளே தூக்கி அனுப்புகிறார். எல்லாரும் அவரைத்தான் பார்க்கிறார்கள். நீ அடுத்த தடவை உள்ளே நிற்கிற ஜோடிக்காரரைப் பார். அவர் தன் மூலையை விட்டுவிட்டு நடுவுக்கு வந்து நிற்பார். வெளியே போனவர் உள்ளே வந்து சேரும்வரை பத்து மீட்டர் அகலத்தையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்வார்.

அம்மாவுக்கு இந்த ஆட்டக்காரர்கள் பெயர் எதுவும் வாயில் நுழையவில்லை. பினாங்கில் பிறந்தவளுக்குக் கண்ணாடிச் சுவருக்குள் ஆட்டம் என்றால் ஸ்குவாஷ் என்கிற சுவர்ப்பந்து ஆடின நிக்கோல் டேவிட்தான். எட்டு தடவை உலக வெற்றியாளர், ஒன்பது வருடம் தொடர்ந்து உலகின் முதல் இடம். அதற்கு மேல் என்ன ஆட்டம் என்கிறாள். சுவர்ப்பந்தில் இப்போது நம்ம கெடா பெண் சிவசங்கரி இருக்கிறார் அல்லவா. 2022-இல் கார் விபத்தில் அடிபட்டு, அடுத்த வருடமே ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தனிநபர் தங்கம் வாங்கினார். அவர் ஆட்டத்தை டிவியில் போட்டால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவாள். உன் பெயரைச் சொல்லிக் கொஞ்சம் அழுதாள் போன வாரம். ஏன் என்று நான் கேட்கவில்லை.

நீ போன் எடுக்காதபோது அவளுக்குக் கஷ்டமாக இருக்கிறது. எடுத்து, "நல்லா இருக்கேன்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். காரணம் கேட்க மாட்டாள். கேட்கக் கூடாது என்று நான் சொல்லி வைத்திருக்கிறேன்.

எந்த ஜோடி பிடிக்கும் என்று நீ கேட்டால் சொல்கிறேன். முதல் இடத்தில் இருப்பவர்கள் ஸ்பெயினின் ஆர்துரோ கோயெயோவும் அர்ஜென்டினாவின் அகுஸ்தின் தாபியாவும். 2023-இலிருந்து ஒவ்வொரு வருட முடிவிலும் அவர்கள்தான் முதல். கோயெயோ இடதுகைக்காரர், நெடுநெடுவென்று உயரம். தாபியா கை எங்கே போகும் என்று எதிராளிக்குக் கடைசி நொடிவரை தெரியாது. அவர்களை வியந்து பார்க்கலாம். ஆனால் அப்பாவுக்கு மனம் ஒட்டுவது ஃபெதெரிகோ சிங்கொத்தோவோடுதான். மற்றவர்கள் பக்கத்தில் நின்றால் குள்ளம். ஓங்கி அடித்து ஜெயிக்கிற ஆள் கிடையாது. எந்தப் பந்தையும் செத்துப் போக விடமாட்டார், அவ்வளவுதான். எடுத்து, எடுத்து, எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பார். அவருடைய ஜோடி அலெஹாந்த்ரோ கலான்.

இந்தக் கலான் கதையை உனக்குச் சொல்ல வேண்டும். இதற்கு முன்னால் அவர் ஹுவான் லெப்ரோனோடு ஆடினார். 2020, 2021, 2022 மூன்று வருடமும் உலகின் முதல் ஜோடி. பார்த்தவர்கள் எல்லாரும் இவர்கள் ஒருவருக்காக ஒருவர் பிறந்தவர்கள் என்று சொன்னார்கள். 2024-இல் பிரிந்துவிட்டார்கள். யார் மேல் தப்பு என்று இணையத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அப்பா அதைப் படிக்கவில்லை. அந்தக் கண்ணாடிக்குள் நின்ற இரண்டு பேருக்குத் தெரிந்தது, வெளியே உட்கார்ந்து கைதட்டினவர்களுக்கு எப்படித் தெரியும்? கலான் அதோடு ஆட்டத்தை நிறுத்தவில்லை. சிங்கொத்தோவோடு சேர்ந்தார். 2025-இல் உலகின் இரண்டாவது ஜோடி அவர்கள். கோயெயோவையும் தாபியாவையும் இறுதியாட்டத்தில் தோற்கடித்தும் இருக்கிறார்கள்.

ஃபெர்னாண்டோ பெலாஸ்தெகின் என்று ஒருவர், பேலா என்றுதான் கூப்பிடுகிறார்கள். பதினாறு வருடம் தொடர்ந்து உலகின் முதல் இடத்தில் இருந்தவர். அதில் பதிமூன்று வருடம் ஹுவான் மார்த்தின் தியாஸ் பக்கத்தில் நின்றார். பதிமூன்று வருடம், பாப்பா. அந்த ஜோடியும் பிரிந்தது. அதற்காக அந்தப் பதிமூன்று வருடம் பொய் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு பேரையும் யாரும் குறைவாகப் பேசவில்லை. பேலா அதற்குப் பிறகும் புது ஜோடியோடு முதல் இடத்தில் இருந்தார். வயதான பிறகு சின்னப் பையன்களோடு நின்று ஆடினார். தாபியா, கோயெயோ இரண்டு பேருமே முதலிடத்துக்கு வருமுன் அவர் பக்கத்தில் நின்று ஆடியவர்கள்தான். 2024-இல் நாற்பத்தைந்து வயதில்தான் ஓய்வு பெற்றார். பழைய ஆட்டங்களில் அவரைப் பார். ஒவ்வொரு புள்ளி முடிந்ததும் ஜோடிக்காரரிடம் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார். அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

1971-இல் நம்ம பன்ச் குணாளனும் இங் பூன் பீயும் ஆல் இங்கிலாந்து பூப்பந்து இரட்டையரை ஜெயித்ததை உன் தாத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஜோடி என்றால் அதுதான் என்பார். அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்ததால்தானோ என்னவோ, ஜோடி பிரிவது என்றாலே ஒரு தோல்வி என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. இதை நீ ஞாபகம் வைத்துக்கொள்.

பெரியப்பா வீட்டு விஷயத்தில் அன்றைக்குக் கல்யாண மண்டபத்தில் எல்லாரும் பேசின பேச்சை நீ சின்னப் பிள்ளையாக நின்று கேட்டாய். அந்த மாதிரி இந்த வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். ஈப்போ அத்தை உட்பட. அப்பா பேச விடமாட்டேன்.

தைப்பூசத்துக்குத் தண்ணிமலையில் நீ தனியாக வந்து நின்றபோது மாப்பிள்ளைக்கு மீட்டிங் என்று சொன்னாய். சரி என்றேன். பால்குடத்தை இறக்கி வைத்துவிட்டு நீ ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாய். நான் தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்தேன், நீ "ஒன்னும் இல்லப்பா" என்றாய். நான் ஒன்றும் கேட்கவே இல்லையே, அம்மா.

நீ இன்னும் ஆடுகிறாயா என்று மட்டும் தெரிய வேண்டும். இதற்கு நாலு பேர் வேண்டும். உங்கள் நாலு பேரில் இப்போது யார் யார் வருகிறார்கள்? அந்த ஆபீஸ் தோழி, தலையில் துணி கட்டிக்கொண்டு ஆடினாளே, நல்ல பிள்ளையாகத் தெரிந்தது, அவள் வருகிறாளா? ஆள் குறைந்தால் வேறு ஆளைச் சேர்த்துக்கொள். ஆடுவதை விட்டுவிடாதே. வேலை முடிந்து நேரே வீட்டுக்குப் போய் விளக்கைப் போடாமல் உட்காராதே. அண்ணன் வந்து போன அன்று அப்படித்தான் இருந்தாய் என்றான். சாப்பிடு. ராத்திரியில் ஹைவேயில் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வராதே. கேஎல் சென்ட்ரலில் ரயில் ஏறினால் நாலு மணி நேரத்தில் பட்டர்வொர்த். ஸ்டேஷனில் அப்பா நிற்பேன். ஒரு டிக்கெட் எடுத்தாலும் சரி, இரண்டு எடுத்தாலும் சரி. ஒரு டிக்கெட்டோடு வந்தால் மற்றது எங்கே என்று இந்த வீட்டில் யாரும் கேட்கப் போவதில்லை.

உன் அறையில் அம்மா புது மெத்தை போட்டிருக்கிறாள். பழையதில் உனக்கு முதுகு வலிக்கும் என்று சொன்னாயாம். தைப்பூசத்துக்கு வந்தபோது சொன்னதாம், எனக்கு ஞாபகமில்லை.

வருகிற வாரம் இறுதியாட்டம் இருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கலாம். எனக்கு இன்னும் சில சந்தேகம் இருக்கிறது. சுவரில் இருக்கிற கம்பி வலையில் பட்ட பந்து ஏன் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி விழுகிறது, அதை நீங்கள் எப்படி எடுக்கிறீர்கள் என்று நீதான் சொல்ல வேண்டும். டிவியில் பார்த்து எனக்கு விளங்கவில்லை. கயிற்றை மாட்டிக்கொள்.

அன்புடன்,
அப்பா

பி.கு. புது ராக்கெட் வாங்கினால் வட்ட வடிவம் வாங்கு. வைர வடிவம் ஓங்கி அடிப்பவர்களுக்கு, எடை மேல்பக்கம் இருக்கும், முழங்கையைப் பிடித்துவிடும். காசு பற்றி யோசிக்காதே, அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். அதை வெயிலில் நிற்கிற காருக்குள் வைத்துவிட்டுப் போகாதே. உள்ளே இருக்கிற நுரை சூட்டில் கெட்டுப்போகும்.