கதிரின் விசா பற்றி அப்பாவுக்கு

கேச்சியாவ், ஷாவோசிங்,
சீனா.
18-1-2026

அன்புள்ள அப்பாவுக்கு, குமரேசன் எழுதிக்கொண்டது. நான் இங்கே நலம். நீங்களும் அம்மாவும் அப்பத்தாவும், செல்வி அக்கா வீட்டில் அனைவரும் நலமாக இருக்க நம் மலை முருகனை வேண்டுகிறேன்.

செந்தில் அண்ணன் பொங்கலுக்கு முன்பே ஊரிலிருந்து திரும்பி வந்துவிட்டார். அவர் கொடுத்த பையில் கொள்ளுப்பொடிக்கும் மஞ்சளுக்கும் அடியில் உங்கள் கடிதம் இருந்தது. நான்கு மாதமாக நான் ஒரு வரியும் எழுதாததைப் பற்றி அதில் நீங்கள் ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. திட்டியிருந்தால்கூட இவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டேன். இங்கே வாட்ஸ்அப் திறக்காது. இங்குள்ளவர்கள் எல்லாவற்றுக்கும் பயன்படுத்தும் வீசாட்டை 2020 ஜூன் கடைசியில் இந்திய அரசு தடை செய்துவிட்டது. நம் ஊர் சிம்முக்கு வெளிநாட்டு ரோமிங் போட்டுக்கொண்டால் வாட்ஸ்அப் வேலை செய்யும் என்பதால் முன்பெல்லாம் ஞாயிறுதோறும் பேச முடிந்தது. அந்த பேக்கை அக்டோபரிலிருந்து நான் புதுப்பிக்கவில்லை, வேலை மிகுதியில் விட்டுப்போய்விட்டது. அடுத்த வாரம் ஊருக்கு வரும் லோகு அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் அக்கா மகன் கதிரின் விஷயம். ஈரோட்டு ஏஜெண்ட் மூன்றரை லட்சம் கேட்பதாகவும், ‘எம்’ (M) என்ற வகை விசாவில் அனுப்பி, இங்கே வந்தபின் வேலை விசாவாக மாற்றித் தருவதாகச் சொல்வதாகவும், அக்கா தன் நகையைச் சொசைட்டியில் வைக்கத் துணிந்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அப்பா, இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அக்கா வீட்டுக்குப் போய் அதை நிறுத்துங்கள். எம் விசா என்பது சரக்கு வாங்கவும் விற்கவும் வந்துபோகும் வியாபாரிகளுக்கு உரியது. அதை வைத்துக்கொண்டு ஒரு கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை பார்த்தால் இந்த நாட்டுச் சட்டப்படி 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம் உண்டு. ஒரு யுவான் இப்போது ஏறத்தாழ 13 ரூபாய் என்பதால் அது எவ்வளவு பெரிய தொகை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். குற்றம் கடுமையானது என்று கருதினால் 5 முதல் 15 நாள் வரை காவலிலும் வைப்பார்கள். நாட்டைவிட்டு அனுப்பப்பட்டவன் 1 முதல் 5 ஆண்டு வரை திரும்ப நுழைய முடியாது. போன வருடம் எங்கள் தெருவில் இருந்த ஒரு பையனுக்கு இப்படித்தான் ஆயிற்று. குடோனில் துணி ரோல்களை எண்ணிக்கொண்டிருந்தபோது சோதனைக்கு வந்தவர்கள் பிடித்துப் போனார்கள். அவனை அழைத்துவந்தவர் அன்று முதல் போனை எடுக்கவில்லை. அந்தப் பையன் கதிரைவிட ஒரு வயது மூத்தவன்தான்.

வேலைக்கு வருபவன் ‘இசட்’ (Z) வகை விசாவில்தான் வர வேண்டும். அதற்கு இங்குள்ள கம்பெனி முதலில் அரசாங்கத்திடம் விண்ணப்பித்து, வேலை அனுமதி அறிவிப்பு என்ற தாளை வாங்கி அனுப்ப வேண்டும்; அந்தத் தாள் கைக்கு வராமல் யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்கக் கூடாது. பொதுவாகப் பட்டமும், படிப்புக்குப் பிறகு இரண்டு ஆண்டு வேலை அனுபவமும், குற்றப் பின்னணி இல்லை என்ற போலீஸ் சான்றும் கேட்பார்கள். கதிர் டெக்ஸ்டைல் படிப்பை முடித்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. ஆகவே அவன் திருப்பூரில் ஒரு டையிங் லேபிலோ மெர்ச்சண்டைசிங்கிலோ இரண்டு வருடம் உட்கார்ந்து வேலை கற்றுக்கொண்டு, ஒழுங்கான அனுபவச் சான்றிதழோடு வரட்டும். அப்போது அவனுக்கு வேலை தேடித் தருவது தாய்மாமன் என்ற முறையில் என் பொறுப்பு.

இசட் விசாவில் வந்த பிறகும் வேலை இருக்கிறது. தங்கும் இடம் வந்துசேர்ந்த 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் முகவரியைப் பதிவுசெய்ய வேண்டும். ஓட்டலில் தங்கினால் அவர்களே செய்துவிடுவார்கள். வாடகை வீடென்றால் நாம்தான் பதிவுசெய்ய வேண்டும். பிறகு உடல் பரிசோதனை, நாட்டுக்குள் நுழைந்த 30 நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பம். வீடு மாறினாலும் பதிவை மீண்டும் செய்ய வேண்டும். கடந்த மாதம் நான் அறை மாறியபோது இரண்டு நாள் தாமதமாகப் போனேன். நல்ல வேளையாக எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். அறை மாறினேன் என்றதும் கவலைப்பட வேண்டாம். பழைய இடம் எனக்குப் பெரிதாக இருந்தது. இது ஒற்றை அறை, துணி மார்க்கெட்டுக்கு நடந்தே போய்விடலாம். இங்கே வீடு பிடிக்கும்போது ஒரு மாத வாடகையைப் பிணையாகவும் மூன்று மாத வாடகையை முன்பணமாகவும் ஒரே சமயத்தில் கேட்பது வழக்கம். கதிர் வரும்போது நான்கு மாத வாடகை கையில் இருக்க வேண்டும் என்று மச்சானிடம் சொல்லி வையுங்கள்.

அவன் இப்போதே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நம்மவர்கள் காலியாக விட்டுவிடுகிறோம். நானும் அப்படித்தான் விட்டேன். இங்கே போன் கம்பெனி என் பெயரை ஒரு மாதிரியும் வங்கி வேறு மாதிரியும் எழுதிக்கொண்டதால், இரண்டும் ஒன்றுதான் என்று நிரூபிக்க மூன்று வாரம் அலைந்தேன். சிம்மும் வங்கிக் கணக்கும் பாஸ்போர்ட்டும் ஒரே பெயரில் பொருந்தினால்தான் போன் வழியாகப் பணம் செலுத்த முடியும். கீரை விற்பவர்கூட அட்டையில் அச்சிட்ட சதுரக் குறியைத்தான் நீட்டுகிறார். கதிர் விண்ணப்பிக்கும்போது மச்சானின் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு, இரண்டு கட்டத்தையும் நிரப்பட்டும். இங்கே ரயிலுக்கும் பாஸ்போர்ட்தான் டிக்கெட். அதை எந்த முதலாளியிடமும் கொடுத்து வைக்கக் கூடாது. ஒப்பந்தத்தில் கையெழுத்தைவிடக் கம்பெனியின் வட்டச் சிவப்பு முத்திரைக்கே மதிப்பு அதிகம். அந்த முத்திரை இல்லாத தாளை நம்பி யாரும் விமானம் ஏறக் கூடாது. சீன மொழியில் உள்ள பிரதியை வெளியாள் ஒருவரிடம் கொடுத்துப் படித்துக் கேட்ட பிறகே ஒப்பமிட வேண்டும். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன்.

மொழியையும் இப்போதே தொடங்கலாம். வாங்குவதற்கும் ‘மாய்’, விற்பதற்கும் ‘மாய்’. குரல் தாழ்ந்து எழுந்தால் வாங்குவது, மேலிருந்து சட்டென்று இறங்கினால் விற்பது. துணி மார்க்கெட்டில் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியாதவன் என்ன செய்ய முடியும்? ல, ள, ழ மூன்றையும் பிரித்துச் சொல்லிப் பழகிய நாக்குக்கு இது வராமல் போகாது. எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. இந்த மார்க்கெட்டைப் பற்றி நீங்கள் கேட்டிருந்தீர்கள். ஈரோட்டுக் கனி ஜவுளி மார்க்கெட்டைப் போல எத்தனை மடங்கு என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. கட்டடம் கட்டடமாக, மாடி மாடியாக, பாலியஸ்டர் துணி மட்டுமே நாள் முழுதும் பார்த்து நடந்தாலும் ஒரு கட்டடம் முடியாது.

குளிரைப் பற்றி அம்மா கேட்டாள். இந்த ஊரில் தை மாத இரவு ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறங்கும். ஹுவாய் ஆற்றுக்கு வடக்கே உள்ள நகரங்களில் குழாய் வழியாக வீடுகளுக்கு வெப்பம் வரும் ஏற்பாடு இருக்கிறது. நாங்கள் அதற்குத் தெற்கே இருப்பதால் இங்கே அது கிடையாது. வெளியே எவ்வளவு குளிரோ உள்ளேயும் அவ்வளவு, போதாததற்கு ஈரமும் சேர்ந்துகொள்ளும். ஏசியில் சூடான காற்று வரும், ஆனால் அது எனக்கு ஒத்துக்கொள்வதில்லை, அதனால் போடுவதில்லை. மின்சாரப் போர்வை ஒன்று இருக்கிறது, அது போதும். குடிக்க எங்கே போனாலும் வெந்நீர் கிடைக்கும், ரயில் நிலையத்திலும் ஆபீஸிலும் அதற்கென்றே குழாய் உண்டு. வீட்டுக் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் யாரும் குடிப்பதில்லை.

கீழ்வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். சாயப்பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இங்கே வயதில் மூத்த பெண்களை ‘ஆயி’ என்று கூப்பிடுவார்கள். முதல் நாள் அந்தச் சொல்லைக் கேட்டபோது நம் சொல்லே காதில் விழுந்தது போல நின்றுவிட்டேன். குளிர்காலம் தொடங்கியதும் அந்த ஆயி சோயாச் சாற்றில் ஊறவைத்த வாத்துகளைத் துணி காயப்போடும் கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டார். என் சட்டைகளுக்கு நடுவே ஆறு வாத்துகள். படியில் என்னைப் பார்த்தால் முதலில் கேட்பது “ச்சி ல மா”, அதாவது சாப்பிட்டாயா என்பதுதான். அடுத்து, பேன்ட்டின் விளிம்பைத் தூக்கிப் பார்த்து, உள்ளே தடித்த உள்கால்சட்டை போட்டிருக்கிறேனா என்று சோதிப்பார். போடாத நாளில் திட்டு விழும். அவர் பேசும் ஊர்ப்பேச்சு எனக்குப் பாதி புரியாது. திட்டு மட்டும் முழுதாகப் புரிகிறது.

இந்தப் பத்தியை அம்மாவுக்கு வாசிக்க வேண்டாம், கதிருக்கு மட்டும் சொல்லுங்கள். நவம்பரில் எனக்கு நான்கு நாள் காய்ச்சல். இங்கே ஆஸ்பத்திரியில் முதலில் பதிவுக்குப் பணம், பிறகு ரத்தப் பரிசோதனைக்குப் பணம், பிறகு மருந்துக்குப் பணம் என்று ஒவ்வொரு படியிலும் கட்டிய பிறகே அடுத்த ஜன்னலுக்குப் போக முடியும். எழுத்து வாசிக்கத் தெரிந்த ஒருவர் கூட இருந்தால் நல்லது. ஆம்புலன்சுக்கு 120, போலீசுக்கு 110, தீயணைப்புக்கு 119. இந்த எண்களை அவன் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். மூன்றாம் நாள் அந்த ஆயிதான் கதவைத் தட்டி, ஒரு கிண்ணம் வெறும் அரிசிக்கஞ்சியும் உப்பிட்ட கீரையும் வைத்துவிட்டுப் போனார். அதற்கு முன் இரண்டு நாள் யாரும் கதவைத் தட்டவில்லை.

என் புது அறைக்குப் பின்னால் ஒரு கால்வாயும், அதன் அக்கரையில் ஒரு தறிப்பட்டறையும் இருக்கின்றன. நாடாவே இல்லாத தறிகள், அப்பா. அழுத்திப் பாய்ச்சும் தண்ணீரே ஊடையைத் துணியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு இழுத்துப் போகிறது. உங்களுக்குக் காட்ட வேண்டும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். இரவு முழுதும் அந்தச் சத்தம் கேட்கும். பொங்கலன்று இரவு தூக்கம் வராமல் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தபோது, அதற்குள் நம் வடக்குத் தறியின் சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தேன் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. நீங்கள் மிதிக்கட்டையை மாற்றும் இடைவெளி, திண்ணையில் அம்மா தார் சுற்றும் ராட்டையின் முனகல், அடுப்பில் அரிசிம்பருப்புக்குத் தாளிக்கும் வாசம் எல்லாம் வந்தன. எழுந்து உட்கார்ந்து உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். விளக்கை அணைக்க மனமில்லை.

அதில் வடக்குத் தறியைக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்க வேண்டாம். ஓட்டாவிட்டாலும் இருக்கட்டும். சீனப் புத்தாண்டு பிப்ரவரி 17 அன்று வருகிறது. மார்க்கெட் முழுவதும் பல நாள் மூடிவிடும், எல்லோரும் ஊருக்குப் போவார்கள். 2025 அக்டோபரிலிருந்து நேரடி விமானமும் மீண்டும் வந்துவிட்டதால் நானும் வருவேன் என்று அம்மா எதிர்பார்த்திருப்பாள். ஆபீஸைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்க வேண்டியிருக்கிறது, இந்த முறை என்னால் இயலாது. இரண்டு மாதமாகப் பணம் வராததும் வங்கி நடைமுறையால்தான். சம்பளத்தை ஊருக்கு அனுப்ப வரி கட்டிய சான்றையும் ஒப்பந்தத்தையும் காட்டச் சொல்கிறார்கள். அந்தத் தாள்கள் கைக்கு வந்ததும் அனுப்பிவிடுவேன். அதுவரை மளிகைக் கணக்கைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கிணற்றுப் பங்கு விஷயத்தில் பெரியப்பா நீட்டும் எந்தத் தாளிலும் இப்போதைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம். பொதுக்கிணற்றில் நமக்கு வாரம் இரண்டு நாள் முறை உண்டு என்று அப்பாரு காலத்துப் பத்திரத்தில் இருக்கிறது. அது பரணில் இருக்கும் தகரப்பெட்டியில், என் பள்ளிச் சான்றிதழ்களுக்கு அடியில் உள்ளது. எடுத்து இரண்டு நகல் போட்டு ஒன்றை மச்சானிடம் கொடுத்து வையுங்கள். பெரியப்பாவிடம் சண்டை வேண்டாம், குமரேசன் வந்ததும் பேசலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் இடது கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். தைப்பூசத் தேர் முடிந்த மறுவாரமே போய்விடுங்கள். கூட மச்சான் வர முடியாவிட்டால் கதிர் வரட்டும். அக்காவின் நகையை ஏற்கெனவே சொசைட்டியில் வைத்துவிட்டார்கள் என்றால், அந்த ரசீதைப் படம் எடுத்துச் செந்தில் அண்ணனுக்கு மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள், ஏஜெண்டிடம் கொடுத்த பணத்துக்கு ரசீது இருந்தால் அதையும். லோகு அண்ணனிடம் அப்பத்தாவுக்கு இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை கொடுத்திருக்கிறேன். அவை கீழ்வீட்டு ஆயி பின்னியவை.

அன்புடன்,
குமரேசன்