காய்ச்சல் வலிப்பு வந்தால் சாவியைத் தேடாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எங்கள் வீட்டில் காலையில் என் மாமியார் வரி விடாமல் படித்து முடிக்கும்வரை உங்கள் நாளிதழை வேறு யாரும் தொட முடியாது. பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி தாத்தாக்கள் பல வீடுகளில் இப்படித்தான் இருப்பார்கள், அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். என் மகனுக்கு அப்போது ஒன்றரை வயது. மதியத்திலிருந்தே உடம்பு சுட்டது, சளிக் காய்ச்சல்தானே என்று பாரசிட்டமால் சிரப் கொடுத்துவிட்டு நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பாட்டி மடியில் சாய்ந்து பொம்மைக் காரின் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தவன் திடீரென்று விறைத்தான். கண் மேலே செருகிவிட்டது, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன, உதடு நாவற்பழம் தின்ற மாதிரி நீலமாகிவிட்டது. கூப்பிட்டால் பதிலே இல்லை. பிள்ளை போய்விட்டான் என்றே நினைத்தேன்.

அதற்கப்புறம் நாங்கள் அடித்த கூத்தைத்தான் சொல்ல வந்தேன். "ஜன்னிம்மா, கையில இரும்பைக் குடு!" என்று அத்தை கத்தினார். எங்கள் வீட்டில் டிஜிட்டல் பூட்டு, சாவி என்று ஒன்று கண்ணிலேயே படாது. அவர் சமையலறைக்கு ஓடிப்போய்த் தோசைத்திருப்பியை எடுத்து வந்து பிள்ளையின் கைக்குள் திணித்தார். (இப்போது சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம்.) நாக்கைக் கடித்துக்கொள்வான் என்று என் கணவர் ஸ்பூனை வாய்க்குள் விடப் பார்த்தார், நான் தோளைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தேன். இதில் இரண்டு பேர் பட்டதாரிகள்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு மலாய் மக்சிக் (மலாயில் 'ஆன்ட்டி' மாதிரி) ஓடி வந்தார். முதலில் ஸ்பூனைப் பிடுங்கினார். பிள்ளையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடைவாயில் வழிந்த எச்சிலைத் துடைத்துவிட்டு, கைப்பேசியில் மணி பார்த்து, ஆம்புலன்ஸ் எண் 995க்கு அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். வேறு எதுவும் செய்யவில்லை, பிள்ளையை அழுத்திப் பிடிக்கக்கூட இல்லை. இழுப்பு தானாகவே நின்றது. ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது அவன் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

மருத்துவமனையில் டாக்டர் முதலில் கேட்டது, எத்தனை நிமிடம் இழுத்தது என்றுதான். கணவர் பத்து நிமிடம் என்றார், என்னைக் கேட்டிருந்தால் கால் மணி நேரம் என்றிருப்பேன். மக்சிக் பார்த்த கணக்கில் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

இந்தக் காய்ச்சல் வலிப்பு 6 மாதத்திலிருந்து 5 வயது வரையுள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்து பேருக்கு வருவதுதானாம். பெரும்பாலும் சில நிமிடங்களில் நின்றுவிடும், அப்படி நின்றுவிடுவதால் மூளைக்குப் பாதிப்பு வராது, பின்னாளில் கால்கை வலிப்பு நோயாக மாறுவதும் அபூர்வம். ஆனால் ஒரு தடவை வந்த பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்குத் திரும்ப வரலாம். மருந்து நேரத்துக்குக் கொடுக்கவில்லை, அதனால்தான் வந்தது என்று தொலைபேசியில் என்னைக் குடைந்த சொந்தக்காரர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: பாரசிட்டமால் பிள்ளையின் அசதியைக் குறைக்கும், வலிப்பைத் தடுக்காது. சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் இருப்பதே வலிப்பு வந்த பிறகுதான் தெரியும்.

அப்புறம், இழுக்கும்போது வாயில் தண்ணீர், மருந்து, விரல் எதுவும் போகக்கூடாது. பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டுவதும் கூடாது. முதல் தடவை என்றாலோ, 5 நிமிடம் தாண்டினாலோ, மூச்சு விடச் சிரமப்பட்டாலோ, நின்ற பிறகும் பிள்ளை தெளியாவிட்டாலோ யோசிக்காமல் 995க்கு அழைக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டாவது தடவை வந்தாலும், கழுத்து விறைப்பாக இருந்தாலும் சாதாரணமாக விட்டுவிடக்கூடாது.

இதையெல்லாம் ஒரு தாளில் போட்டுக் கையில் தந்தார்கள். நல்ல தாள்தான், ஆனால் முழுக்க ஆங்கிலம். நானும் கணவரும் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் பிள்ளையோடு இருப்பவர் ஆங்கிலம் படிக்கத் தெரியாத அத்தை. அந்தத் தாளை ஃப்ரிட்ஜில் ஒட்டி யாருக்கு என்ன லாபம்? அன்று ராத்திரியே தமிழில் பெரிய எழுத்தில் எழுதி அதன் மேல் ஒட்டினேன். முதல் வரி: "மணி பாருங்கள்."

நான்கு மாதம் கழித்து ஃபுளூ காய்ச்சலில் மறுபடியும் வந்தது. நான் வேலையில் இருந்தேன். அத்தை எல்லாம் முடிந்த பிறகுதான் என்னை அழைத்தார், குரல் நடுங்கியது, ஆனால் சொன்னது தெளிவாக இருந்தது: "ஒண்ணே முக்கால் நிமிஷம்மா. சாய்ச்சுத்தான் படுக்க வெச்சேன். இப்ப தூங்குறான், பக்கத்துல மக்சிக் இருக்காங்க."

மருத்துவமனைகளும் குழந்தைப் பராமரிப்பு நிலையங்களும் இப்படிப்பட்ட தாள்களைத் தரும்போது, பிள்ளையை வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார்கள், அவர்களுக்கு எந்த மொழி படிக்கத் தெரியும் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தரலாம். அதுவரை, தயவுசெய்து இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள். வெட்டி ஒட்டிக்கொள்பவர்களுக்கு வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
ஈசூன், சிங்கப்பூர்