எஃப் கார்டு வரை கூட வந்தவர்களுக்கு

அன்புள்ள மாஸ்டருக்கும், கிடார் சரிபார்க்கும் அண்ணாச்சிக்கும், மேல்வீட்டு ஆச்சிக்கும், பாடகர் குழுவில் எனக்கு இடம் விட்டு நின்ற எல்லோருக்கும், என் வீட்டாருக்கும்,

வணக்கம். போன சனிக்கிழமை கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ் முடிந்து வீடு வந்து சேரும்போது ராத்திரி இரண்டு மணி. 14 வீடுகள், வீட்டுக்கு இரண்டு பாட்டு. பனியில் சுருதி விலகிக்கொண்டே இருந்தது, நாலு வீட்டுக்கு ஒரு தடவை நிறுத்திச் சேர்த்தோம். கடைசி வீடு வரை வாசித்தேன். படுத்தும் தூக்கம் வரவில்லை. நேரில் நன்றி சொல்லப் போனால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும், அதனால் எழுதுகிறேன். நான் நின்ற இடத்திலேயே இன்று யாராவது நின்றுகொண்டிருந்தால் அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

43 வயதில் கிடார் வாங்கினேன். முதல் இரண்டு மாதம் போனதே தெரியவில்லை. கார்டு என்றால் பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்க விரல்கள் பிடிக்கும் வடிவம். ஜி, டி, இ மைனர் என்று ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தது. அப்புறம் எஃப் கார்டு. ஆள்காட்டி விரலை முதல் ஃப்ரெட்டில், அதாவது கிடார் கழுத்தின் முதல் கட்டையில், ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்க வைத்து, மற்ற மூன்று விரலையும் தள்ளி ஊன்ற வேண்டும். எனக்கு இரண்டு கம்பி ஒலிக்கும், மீதி நான்கும் ‘டொக்’ என்று செத்துப்போகும். ஐந்து மாதம், தினமும் ஒரு மணி நேரம், அதே டொக். விரல்நுனி காய்த்தது, மணிக்கட்டு வலித்தது, சத்தம் மட்டும் மாறவில்லை. கற்றுக்கொள்ளப் போயிருந்த இடத்தில், “இந்த வயசுல விரல் வளையாது சார், சுலபமா ரெண்டு பாட்டு வாசிங்க, போதும்” என்றார்கள். அன்றிரவு கம்பிகளைத் தளர்த்தி, கிடாரை உறையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். மகள் வாசலில் நின்று பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

ஆச்சி, முதல் நன்றி உங்களுக்கு. இரண்டு மாதம் கழித்து மாடிப்படியில் என்னை நிறுத்திக் கேட்டீர்கள்: “என்னய்யா, சத்தத்தையே காணும்? உடம்புக்கு முடியலியா?” விட்டுவிட்டேன் என்றேன். “நல்லாத்தான வந்துட்டிருந்துச்சு! மொதல்ல நிறுத்தி நிறுத்தி வாசிப்ப. அடுத்தது வருமா வருமான்னு நான் காய் நறுக்கறத விட்டுட்டு உக்காந்திருப்பேன். பொறவு நிக்காம வந்துச்சே” என்றீர்கள். எஃப் வரவில்லை, எஃப் வரவில்லை என்றே கேட்டுக்கொண்டிருந்த என் காதுக்கு, மற்ற கார்டுகளுக்கு நடுவே இருந்த இடைவெளி மறைந்தது தெரியவே இல்லை. கூரைக்கு மேலே இருந்து அதைக் கேட்டவர் நீங்கள். கோயிலில் பாடகர் குழு மாஸ்டரிடம் சொன்னதும் நீங்கள்தான்.

மாஸ்டர், நீங்கள் வந்து அமர்ந்ததும் இன்னும் பயிற்சி செய் என்றுதான் சொல்வீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் கிடாரை வாங்கிச் சுருதி சேர்த்து, நீங்களே எஃப் பிடித்துப் பார்த்தீர்கள். உங்கள் முகம் சுளித்தது. பிறகு முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, அதே வடிவத்தை ஒரு கட்டை தள்ளி என்னைப் பிடிக்கச் சொன்னீர்கள். ஐந்து கம்பி ஒலித்தது! கேப்போவை எடுத்துவிட்டு, மூன்றாம் ஃப்ரெட்டில் கம்பியை அழுத்தி, முதல் ஃப்ரெட்டுக்கு மேலே காட்டினீர்கள். மயிரிழை இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தது. “தம்பி, குத்தம் உங்க விரல்ல மட்டும் இல்ல” என்றீர்கள். ஐந்து மாதமாக எனக்குத் தேவைப்பட்ட வார்த்தை அது.

அண்ணாச்சி, உங்கள் பட்டறையில் ஒன்றரை மணி நேரம் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டிக்கொண்டே வேலை செய்தீர்கள். தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் நட்டில் பள்ளங்கள் ஆழமாக வெட்டப்படவில்லை, அதன் கஷ்டம் அதிகமாக அதை ஒட்டிய முதல் ஃப்ரெட்டில்தான் விழும் என்றீர்கள். மெல்லிய அரத்தால் நாலு இழுப்பு, கம்பியை வைத்துப் பார்ப்பது, மறுபடி இரண்டு இழுப்பு. அவசரப்பட்டு ஒரு இழுப்பு கூடினால் கம்பி இரையும், நட்டையே மாற்ற வேண்டும் என்று சொன்னபடியே ஆறு பள்ளத்தையும் முடித்தீர்கள். மறுமுனையில் கம்பிகளைத் தாங்கும் சேடிலின் அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்தீர்கள். 12ஆம் ஃப்ரெட்டில் 3.5 மி.மீ. இருந்த உயரம் 2.5 ஆனது. தடித்த கம்பிகளைக் கழற்றி, பத்தில் (0.010 அங்குலம்) தொடங்கும் மெல்லிய செட் மாட்டினீர்கள். கம்பிக்கு மட்டும் காசு வாங்கினீர்கள். அதை நான் மறக்கவில்லை.

அதற்குப் பிறகும் எஃப் உடனே வந்துவிடவில்லை. ஆனால் வராததற்குக் காரணம் தெரிந்த பிறகு கோபம் வரவில்லை. ஆறு கம்பியையும் நெரிக்க வேண்டாம் என்று மாஸ்டர் விளக்கினார்: நடு மூன்று கம்பியை மற்ற விரல்கள் பார்த்துக்கொள்ளும், ஆள்காட்டி விரல் காப்பாற்ற வேண்டியது ஆறாவதும் ஓரத்து இரண்டும்தான். விரலைச் சற்றே புரட்டி, எலும்புப் பக்கத்தால் அழுத்தச் சொன்னார். முதலில் ஐந்தாம் ஃப்ரெட்டில் பிடித்து, அது சுத்தமாக ஒலித்த பிறகு ஒவ்வொரு கட்டையாக இறங்கி வரச் சொன்னார். ஒரு மணி நேரத்தை 20 நிமிடமாகக் குறைத்தார். ராத்திரி தடுமாறிய மாற்றம் மறுநாள் காலையில் தானே வந்த நாட்கள் உண்டு. சி கார்டிலிருந்து எஃபுக்கு ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை மாற முடிகிறது என்று ஞாயிறு மட்டும் எண்ணி நோட்டில் எழுதுவோம். முதல் ஞாயிறு 4. மூன்று வாரம் 9லேயே நின்றது. முன்பானால் அந்த 9லேயே விட்டிருப்பேன். “எழுதுங்க, அடுத்த ஞாயிறு பாப்போம்” என்பார், அவ்வளவுதான். இப்போது 38.

மகளே, மாதம் ஒரு தடவை போனில் பதிவுசெய்து வைத்திருந்தாயே, என்னிடம் சொல்லாமல். ஆகஸ்டில் நான் சலித்து உட்கார்ந்தபோது பிப்ரவரியையும் ஜூலையையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினாய். இரண்டும் ஒரே ஆள் என்று நம்பக் கஷ்டமாக இருந்தது.

பாடகர் குழுவில், இரண்டாம் பாட்டை எனக்காக நிதானமாக எடுத்த அக்காவுக்கும், எஃப் வருவதற்கு ஒரு அடி முன்னால் என்னைப் பார்த்துத் தலையசைத்த தபேலாத் தம்பிக்கும் நன்றி. மூன்றாவது வீட்டில்தான் எஃப் முதல் தடவை ஆறு கம்பியும் தெளிவாக ஒலித்தது. யாரும் பாட்டை நிறுத்தவில்லை, ஆனால் மாஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

கடைசியாக என் மனைவிக்கு. தூத்துக்குடிக் கடல்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடித்துவிடும். வாசித்து முடித்ததும் துடைக்க வேண்டும், அண்ணாச்சி சொல்லியிருந்தார். நான் பாதி நாள் மறந்துபோனேன். ஆனாலும் கம்பிகள் பளபளவென்றே இருந்தன. அலமாரிக்குப் பின்னால் மடித்து வைத்திருந்த பழைய வேட்டித்துண்டை, துருவின் கோடுகளோடு, நேற்றுதான் பார்த்தேன்.

என்றும் நன்றியுடன்,
பாடகர் குழுவின் இரண்டாவது கிடார்,
தூத்துக்குடி.