சித்திக்கு, போலோன்யாவிலிருந்து

அன்புள்ள சித்திக்கு,

நீங்கள் அனுப்பிய டூர் அட்டவணையை முழுக்கப் படித்தேன். பன்னிரண்டு நாளில் ஐந்து நாடு. இத்தாலிக்கு மூன்று நாள்: வெனிஸ், பைசா கோபுரம், ரோம். "ஒத்தையில எங்க போறது, கூட்டத்தோட போனாத்தான் பயமில்ல" என்று கூடவே எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்குத்தான் இந்தப் பதில். நான் இப்போது தனியாகத் தங்கியிருக்கும் இத்தாலிய ஊரான போலோன்யா உங்கள் அட்டவணையில் இல்லை. வெனிஸிலிருந்து பைசா போகும் பஸ் அநேகமாக இந்த ஊரின் ஓரமாகத்தான் கடந்து போகும்.

முதல் நாள் சாயங்காலம் அறையில் பெட்டியை வைத்துவிட்டு வெளியே இறங்கியபோது எனக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்தது. மழை வேறு. ஆனால் குடை தேவைப்படவே இல்லை. வீதிக்கு வீதி, வீடுகளின் மாடி முன்னால் நீண்டு தூண்கள் மேல் நிற்கிறது. அதற்கு அடியில் நடைபாதை. போர்த்திகோ என்கிறார்கள். ஊர் முழுக்கச் சேர்த்தால் 62 கிலோமீட்டர். 2021இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. சில இடங்களில் தரை பளிங்குச் சில்லுகள் பதித்து வழவழவென்று இருக்கிறது, சில இடங்களில் தேய்ந்த கல். தூணுக்குத் தூண் மஞ்சள் விளக்கு. கீழே மருந்துக்கடை, புத்தகக்கடை, சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கும் பையன்கள். அன்று இரவு ஒன்பது மணி வரை நடந்தேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதே சமயம் ஆளில்லாத தெருவில் நிற்கிறோம் என்ற நினைப்பும் வரவில்லை.

இந்தப் போர்த்திகோ எப்படி வந்தது என்பது உங்களுக்குப் பிடிக்கும். 1088இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் பல்கலைக்கழகம் இந்த ஊருடையது. மாணவர்கள் வந்து குவிந்தார்கள், தங்க இடமில்லை. வீட்டுக்காரர்கள் மாடியைத் தெருப்பக்கம் நீட்டி மரக்கால் ஊன்றினார்கள். பல ஊர்களில் இதை ஆக்கிரமிப்பு என்று இடித்துத் தள்ளினார்கள். போலோன்யாவில் 1288இல் நேர்மாறாகச் சட்டம் போட்டார்கள்: புது வீடு கட்டுகிறவர் எல்லோரும் இப்படி ஒரு நடை விட்டே ஆக வேண்டும், குதிரைமேல் வருகிறவர் தலை இடிக்காத உயரம் வேண்டும். இடம் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை ஊருக்கு. கோர்த்தே இசோலானி என்ற முற்றத்தின் வாசலில் அந்தக் காலத்து ஓக் மரத்தூண்கள் இன்னும் ஆளுயரத்தைவிடப் பல மடங்கு உயரமாக நிற்கின்றன. கையால் தொட்டுப் பார்த்தேன், வெடிப்புக்குள் விரல் நுழைகிறது.

தனியாக வருகிறவர்களுக்கு என் கணக்கில் பெரிய பயம் சாப்பாட்டு நேரம்தான். காலையில் அது கிடையாது. காப்பிக்கடையில் எல்லோருமே தனியாகத்தான் வருகிறார்கள். கவுண்டரில் நின்றபடியே சின்னக் கோப்பையைக் குடித்துவிட்டு இரண்டு நிமிடத்தில் கிளம்புகிறார்கள். உட்கார்ந்தால் சில இடங்களில் விலை கூடும். மத்தியானம் உணவகத்தில் ஒரு விரலைக் காட்டினேன், ஒருவருக்கான மேசை தந்தார்கள், அவ்வளவுதான். பில்லில் 'கோப்பெர்த்தோ' என்று ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ இருக்கும். அது இடத்துக்கும் ரொட்டிக்கும், ஏமாற்று இல்லை. ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்கு முன்னால் பெரும்பாலும் கிடைக்காது. நீங்கள் சைவம் என்பதால் கவனமாகச் சொல்கிறேன்: தோர்த்தெல்லினி என்ற பூரணம் வைத்த சின்ன பாஸ்தா வேண்டாம், உள்ளே பன்றி இறைச்சி, ஊற்றித் தரும் சாறும் இறைச்சிச் சாறு. தோர்த்தெல்லோனி கேளுங்கள். உருவத்தில் பெரியது, உள்ளே ரிகோத்தா பாலாடை, மேலே வெண்ணெயும் சேஜ் என்ற மூலிகை இலையும். தேங்காய் எண்ணெய் வாசம் இல்லாத ஊரில் எனக்குத் தொண்டையில் இறங்கிய முதல் சாப்பாடு அது.

சான் பெத்ரோனியோ பேராலயத்தில் ஒரு மத்தியானம் நெடுநேரம் நின்றேன். 1655இல் காசினி என்ற வானியலாளர் தரையில் 67 மீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு பதித்தார். கூரையில் சிறு துளை. அதன் வழியாக விழும் வெயில் வட்டம் தரையில் நகர்ந்து நகர்ந்து உச்சி வேளையில் கோட்டைத் தொடும். கோடைக்காலக் கடிகாரப்படி அது ஒரு மணிக்கு மேல். பஸ் டூரில் இதற்கு எங்கே நேரம்? வட்டம் நகர்வது கண்ணுக்கே தெரிகிறது சித்தி. பக்கத்தில் ஒரு பாட்டி பேரனைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவைத்திருந்தார், மறைக்காதே என்று. காத்திருந்தவர்களில் யாரும் அவசரப்படவில்லை.

உங்கள் வகுப்புப் பெண்களுக்குச் சொல்ல ஒன்று. 1732இல் லௌரா பாஸ்ஸி என்ற பெண் இங்கே பட்டம் பெற்று அதே வருடம் இதே பல்கலைக்கழகத்தில் சம்பளத்துக்கு ஆசிரியராக அமர்ந்தார். பிற்பாடு இயற்பியல் கற்பித்தார்.

குறைகளும் உண்டு. பல்கலைக்கழக வீதியில் சுவரெல்லாம் கிறுக்கல், வெர்தி சதுக்கத்தில் இரவு சத்தம். ரயில் நிலையத்தைச் சுற்றி ராத்திரியில் கைப்பையை முன்னால் போட்டுக்கொள்வது நல்லது. சாய்ந்த கரிசெந்தா கோபுரத்தை 2023 முதல் வேலிபோட்டு மூடியிருக்கிறார்கள், தூரத்திலிருந்துதான் பார்க்கலாம். நிலையத்தின் வெளிச்சுவரில் ஒரு கடிகாரம் 10:25இல் நிற்கிறது. 1980 ஆகஸ்ட் 2 அன்று குண்டு வெடித்து 85 பேர் இறந்த நேரம் அது. காத்திருப்பு அறையில் இறந்தவர்களின் பெயரும் வயதும் பொறித்திருக்கிறது. வயதுகளைப் படித்தபின் என்னால் உடனே ரயிலேற முடியவில்லை.

உங்கள் மூட்டுவலியை நினைத்துக்கொண்டே சான் லூக்கா மலைக்கு ஏறினேன். ஊரிலிருந்து மலையுச்சிக் கோயில் வரை கூரை வேய்ந்த ஒரே நடை, 666 வளைவுகள், ஏறக்குறைய நாலு கிலோமீட்டர். மேலே இருக்கும் மாதா படத்தை வருடாவருடம் மே மாத வாக்கில் ஊருக்குள் இறக்கி, ஒரு வாரம் வைத்திருந்து திரும்ப ஏற்றுகிறார்கள். நம் உற்சவர் புறப்பாடு போலவே ஊரே கூடவே நடக்கிறது. 1433இல் ஓயாத மழையில் பயிர் அழுகியபோது முதலில் இறக்கினார்களாம், மழை நின்றதாம். நடக்க முடியாதவர்களுக்கு மாஜ்ஜோரே சதுக்கத்திலிருந்து சிறிய சுற்றுலா வண்டி ஓடுகிறது. நீங்கள் அதில் ஏறி வாருங்கள், இறங்கும்போது மட்டும் நடக்கலாம்.

சித்தப்பா போன பிறகு நீங்கள் எங்கேயும் உங்களுக்காகப் போனதில்லை. ஐந்து நாட்டை ஜன்னல் வழியாகப் பார்ப்பதைவிட ஒரு ஊரில் ஒரு வாரம் தங்குங்கள். வேறொன்றும் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை. ஃபிளாரன்ஸ் ஆசை வந்தால் விரைவு ரயிலில் 40 நிமிடம்தான். வசந்தகாலத்தில் குழந்தைப் புத்தகக் கண்காட்சி மாதிரி பெரிய கண்காட்சிகள் நடக்கும் வாரங்களில் அறை வாடகை எகிறிவிடும், அதைத் தவிர்த்து மே மாதத்தில் தேதி சொல்லுங்கள். விசா படிவத்தை நான் நிரப்பித் தருகிறேன், அறையும் பார்த்துவைக்கிறேன். ஆனால் கூட வரமாட்டேன்.

அன்புடன்,
உங்கள் மகள்தான், வேறு யார்